காய்ச்சல் லீவு

ஸ்ட்ரெஸ் என்றால் என்ன தம்பி? உங்களைப் பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறது, அதனால் கேட்கிறேன். எங்கள் காலத்தில் காய்ச்சல் இருந்தது, பேதி இருந்தது, மஞ்சள்காமாலை இருந்தது. இது எந்தச் சந்தையிலிருந்து வந்தது? இதற்கு ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சுடவும் செய்யாது. ஆனால் வந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதும், எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். நல்ல வியாதி.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இந்தப் பையைக் கீழே வைக்க முடியாது, உள்ளே தைலப் பாட்டில் இருக்கிறது. வண்டி திசையன்விளைதானே போகிறது? போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் காலத்தில் போர்டையும் நம்ப முடியாது, ஆளையும் நம்ப முடியாது.

என் பெயர் கொம்பையா. ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சர்க்கார் ஆஸ்பத்திரி, அது போதும். ஆண்கள் அறுவை வார்டு. நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றுவது, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவது, திரும்பக் கொண்டுவருவது, திரும்பாவிட்டால் பின்வாசல் வழியாக வேறு இடத்துக்குக் கொண்டுபோவது, எல்லாம் நான்தான். சர்வீஸ் முழுக்க ஒரு நாள், ஒரே ஒரு நாள், உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டவனில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்குப் பெரிய டாக்டர் எனக்குச் சால்வை போட்டு மைக்கில் சொன்னார்: "எல்லாரும் கொம்பையாவைப் பாத்துக் கத்துக்கிடுங்க." கீழே நர்சுகள் கைதட்டினார்கள். கைதான் தட்டியது. முகங்களைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், வேப்பெண்ணெய் குடித்த மாதிரி.

உடம்புக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு தடவை மெட்ராஸ் ஐ வந்து இரண்டு கண்ணும் கோவைப்பழமாக இருந்தது. வேலைக்குப் போனேன். வார்டு வாசலிலேயே ஜெபக்கனி சிஸ்டர் மறித்துக்கொண்டு நின்றாள். ஜெபக்கனி எங்கள் வார்டு நர்ஸ். "அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க. வார்டு பூரா ஒட்டிக்கிடும்" என்றாள். "நான் வண்டி தள்ள வந்திருக்கேன், உன்னைக் கண்ணால பாக்கவா வந்திருக்கேன்? தள்ளு" என்று உள்ளே போனேன். அந்த வாரக் கடைசியில் பார்த்தால் வார்டில் பாதிப் பேருக்குக் கண் சிவந்துவிட்டது. டாக்டர்களுக்கும்தான். கண் சிவந்தவர் கத்தியைத் தொடக் கூடாதாம், தியேட்டரைப் பூட்டிப்போட்டார்கள். பார்த்தீர்களா, படித்தவர்கள் உடம்பில் வலு என்பதே இல்லை. எல்லோரும் படுத்துக்கொண்டார்கள். கடைசிவரைக்கும் நின்றவன் நான் ஒருத்தன்தான்.

போனா? என்னுடையதுதான் அடிக்கிறது. அடிக்கட்டும், விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். ஏதோ காலேஜிலிருந்து நிஷா மேடம் என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்ய வந்திருந்தது. என்ன ஆராய்ச்சி? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஏன் உடம்புக்கு வருகிறது, ஏன் லீவு போடுகிறார்கள் என்று ஆராய்ச்சி. இதற்கு ஆராய்ச்சி எதற்கு? சோம்பேறித்தனம். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். என்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் பஸ் செலவு மிச்சம்.

வேலையில் இருக்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். வட்டமாக நாற்காலி போட்டு டீயும் பப்ஸும் கொடுத்தார்கள். பப்ஸ் நன்றாக இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. மேடம் பேசியது: மற்றவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறவர்கள் தங்கள் உடம்பைப் பார்ப்பதில்லையாம். மனசுக்குள்ளேயே போட்டு அழுத்தி அழுத்தி ஒரு நாள் விழுந்துவிடுகிறார்களாம். நல்லது, விழட்டும். அதற்கு மேலே ஒன்று சொன்னது பாருங்கள், உடம்புக்கு முடியாதபோதும் லீவு போடாமல் வேலைக்கு வருவது இருக்கிறதே, அதுவும் ஒரு கோளாறாம். அதையும் ஆராய்ச்சியில் எழுதுவார்களாம்.

நான் எழுந்துவிட்டேன். "அப்போ பெரிய டாக்டர் எனக்குச் சால்வை போட்டது கோளாறுக்கா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "நீங்க ஏன் ஐயா லீவே போடலை?" என்று கேட்டது. கேள்வியைப் பாருங்கள். சோறு ஏன் திருடவில்லை என்று கேட்கிற மாதிரி.

பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்த அன்னத்தாய் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எப்போதும் வாய் நீளம். "அண்ணாச்சிக்கு வீட்டுல இருந்தா பொழுது போகாது மேடம். இங்கன்னா அதட்டதுக்கு ஆள் உண்டு" என்றாள். மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. சரி, இவ்வளவு நாள் மனசில் வைத்திருந்ததை இன்றைக்குச் சபையில் போட்டு உடைத்துவிடுவது என்று ஆரம்பித்தேன். "லீவைப் பத்தி நான் சொல்லுதேன் மேடம், எழுதிக்கிடுங்க. இதே ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் பொய்யாக் காய்ச்சல்னு லீவு போட்டதுனால, எம் பொஞ்சாதி சாகும்போது நான் பக்கத்துல இல்லை" என்றேன்.

 பப்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள்.

உங்களுக்கும் சொல்கிறேன் தம்பி, நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி பெயர் பிச்சம்மா. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதற்குப் பிறகு காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பெண்கள் வார்டில் கிடந்தாள். நான் இங்கே ஆண்கள் வார்டு. நடுவில் ஒரு வராந்தா, அவ்வளவுதான். பெண்கள் வார்டில் கூட இருக்கப் பெண்களைத்தான் விடுவார்கள். எங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, ஆஸ்பத்திரி முழுக்க ஆள் இருக்கிறது, நானும் இதே காம்பவுண்டில்தான் இருக்கிறேன் என்று இருந்தேன்.

அவள் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஜெபக்கனி என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, நாளைக்கு லீவு போட்டுட்டு அக்காகூட இருங்க. ஆம்பளைன்னா உள்ள விடமாட்டோம்னு சொன்னா நான் பேசிக்கிடுதேன்" என்றாள். "லீவா? நானா? அதெல்லாம் நீங்க போடுங்க" என்றேன். "அக்கா கண்ணு சரியில்லை அண்ணாச்சி" என்றாள். "காய்ச்சல்னா கண்ணு அப்படித்தான் இருக்கும். நீ உன் வேலையைப் பாரு" என்று சொல்லி அனுப்பினேன். போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஜெபக்கனியைக் காணோம். கேட்டால் காய்ச்சலாம், லீவாம். எப்படி இருக்கிறது பாருங்கள்! எனக்கு லீவு போடு என்று புத்தி சொன்னவள் தான் போட்டுக்கொண்டாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டும் என்றால் உனக்குப் பதிலாக ஒரு ஆளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தங்கச்சி கல்யாணம் என்றாலும் சரி, தகப்பன் சாவு என்றாலும் சரி, ஆள் எங்கே என்றுதான் நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் முதலில் கேட்பாள். காய்ச்சல் என்றால் மட்டும் அது கிடையாது. காய்ச்சலில் கிடக்கிறவளை ஆள் தேடச் சொல்ல முடியாதில்லையா? அதனால் எந்தக் கள்ளிக்கு லீவு தேவைப்பட்டாலும் உடனே காய்ச்சல் வந்துவிடும். ஆள் கொடுக்காமல் போய்விட்டாள். ஒரு நர்ஸ் பிள்ளை தனியாக முழு வார்டையும் பார்த்தது. அது புதிது, அதற்குக் கட்டுப் பிரிக்கவே வராது. அதனால் எல்லாம் என் தலையில். அதைப் பிடி, இவனைத் தூக்கு, அவனை எக்ஸ்ரே படம் எடுக்கக் கொண்டுபோ. மூச்சுவிட நேரமில்லை. அன்றைக்கு நான் பெண்கள் வார்டுக்குள் காலே வைக்கவில்லை.

வராந்தா வழியாகப் போனேன். இல்லை என்று சொல்லவில்லை. படம் எடுக்கிற அறைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிச்சம்மா கட்டில் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை, முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், எனக்கு முதுகுதான் தெரிந்தது. துணியை நனைத்து பிச்சம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்துக் கட்டில்காரிக்குத் துணைக்கு வந்தவள் போல. பரவாயில்லை, மனுஷத்தன்மை உள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன். நிற்கவில்லை. தள்ளுவண்டியை வழியில் நிறுத்தக் கூடாது தம்பி, அதில் ஒரு ஆள் படுத்திருக்கிறான். திரும்பி வரும்போது? திரும்பி வரும்போதும் அதே ஆள்தானே படுத்திருப்பான்?

மத்தியானத்துக்கு மேல் ஆள் அனுப்பினார்கள். போனேன். முடிந்துவிட்டது. பச்சைச் சேலைக்காரியைத் தேடினேன், ஒரு வார்த்தை சொல்லலாம் என்று. அதற்குள் போய்விட்டாள்.

அன்றைக்கிலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஊர்பேர் தெரியாத ஒருத்தி, அவளுக்கு நாங்கள் யார்? முகம் துடைத்துவிட்டாள். கூடவே வேலை பார்க்கிறவள், அண்ணாச்சி அண்ணாச்சி என்று வாய்க்கு வாய் கூப்பிடுகிறவள், காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டாள். அவள் ஒழுங்காக வேலைக்கு வந்திருந்தால் நான் ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்க மாட்டேனா?

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தபோது டீக்கடைக்காரன் சொன்னான்: "அன்னைக்கு ஜெபக்கனி சிஸ்டரு இங்கதான நின்னாவ? சேலை கட்டிக்கிட்டு, கையில பிளாஸ்க்கோட." எப்படி இருக்கும் எனக்கு? காய்ச்சல்காரி சேலை கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போவது மாதிரி ரோட்டில் நிற்கிறாள். நேராக மேட்ரனிடம் போனேன். ஒளிவுமறைவு கிடையாது, நான்தான் சொன்னேன். ஜெபக்கனியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காய்ச்சல் இருந்ததா? இல்லை. எங்கே போனாய்? பதில் இல்லை. வாயைத் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது? மலைமேல் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடமும் வந்து, "வாரேன் அண்ணாச்சி" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் போன். கம்பெனிக்காரன். விடமாட்டான் போலிருக்கிறது. இப்போது நான் ஒரு அடுக்குமாடி வீட்டில் வாட்ச்மேன். சும்மா இருக்க முடியாதே. அடிக்கட்டும்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லி முடித்தேன். மேடத்தைப் பார்த்து, "எழுதிட்டீயளா?" என்றேன். மேடம் எழுதவில்லை. எல்லோரும் அன்னத்தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் அன்னத்தாய் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"நீ ஏன் அழுத?" என்றேன்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சைச் சேலை என் சேலை" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். ஜெபக்கனி அன்றைக்குக் காலையில் வேலைக்கு வருகிற மாதிரியே உடுத்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாளாம். வெள்ளை உடுப்போடு லீவு நாளில் உள்ளே உட்கார்ந்தால் மேட்ரன் கண்ணில் பட்டுவிடும். அதனால் அன்னத்தாய் மாற்றுக்கு வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பிச்சம்மா பக்கத்தில் கடைசிவரைக்கும் இருந்தாளாம். சுடுதண்ணீர் வாங்கத்தான் டீக்கடைக்குப் போனாளாம்.

நான் அவளை வெள்ளை இல்லாமல் பார்த்ததே இல்லை தம்பி. வெள்ளையை எடுத்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? முதுகில் பேரா எழுதியிருக்கிறது?

"ஏன் சொல்லலை? விசாரிக்கும்போது சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சொன்னா உள்ள விட்ட எங்க எல்லாருக்கும் வேலை போயிருக்கும். அது மட்டுமில்லை. அண்ணாச்சிக்குச் சொல்லாத, நம்ம பக்கத்துல இல்லாமப் போயிட்டோமேன்னு உடைஞ்சு போயிருவாருன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

நான் உடையவா? நான் என்ன குளுக்கோஸ் பாட்டிலா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவளை யார் எனக்காகப் பாவப்படச் சொன்னது? நான் கேட்டேனா? எழுந்து வந்துவிட்டேன். மேடம் பின்னாலேயே வந்து, "ஐயா, உக்காருங்க, தண்ணி குடிங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றது. வேர்க்கும், ஃபேன் ஓடவில்லை. ஃபேன்கூடப் போடாமல் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

அன்னத்தாய் கேட்வரை வந்தாள். ஜெபக்கனி இப்போது திசையன்விளையில் தம்பி வீட்டில் இருக்கிறாளாம். மலை ஆஸ்பத்திரியில் வார்டு ஆள் கிடையாதாம். நோயாளியைத் தூக்குவது இறக்குவது எல்லாம் இவளே செய்து முதுகு போய்விட்டதாம். எழுந்து நடமாட்டம் இல்லையாம். பெரிய ஆபரேஷனுக்கு நாகர்கோவில் கொண்டுபோகப் போகிறார்களாம், அந்த நாள் நாளைக்குத்தான். முதுகு என்றால் எல்லோருக்கும்தான் வலிக்கும். எனக்கு வலிக்காததா?

"போறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துட்டு வந்திருங்க. வயசான உடம்பு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..." என்றாள் அன்னத்தாய். "பிச்சம்மா அக்கா கடைசியா என்னமோ சொன்னா. ஜெபக்கனி குனிஞ்சு காதைக் குடுத்துக் கேட்டாவ. எனக்குக் கேக்கலை. அது அவியளுக்குத்தான் தெரியும்."

அதற்காக நான் போகிறேன் என்று நினைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கவும் போகவில்லை. என்மேல் என்ன தப்பு? காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் என்று சொன்னது பொய்யா இல்லையா? பொய். பொய் சொன்னாள், நான் பொய் என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றது. மற்றது என்றால், சும்மா, பேச்சோடு பேச்சாக. பிச்சம்மா என்ன சொன்னாள் என்று. என்ன சொல்லியிருக்கப் போகிறாள்? தண்ணீர் கேட்டிருப்பாள். அவளுக்கு எப்போதும் தண்ணீர் தாகம். இல்லாவிட்டால் நான் சாப்பிட்டேனா என்று கேட்டிருப்பாள். நான் எங்கே என்று கேட்டிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரியும், நான் வேலையில் இருக்கிறேன் என்று.

கேட்டிருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்?

தைலம் எதற்கு என்று பார்க்கிறீர்களாக்கும். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். குற்றாலத்துத் தைலம், முதுகுக்கு நல்லது என்றான் கடைக்காரன்.

இந்தச் சனியன் நிறுத்தமாட்டான். பேசிவிட்டு வைத்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

"ஹலோ... ஆமா சார், கொம்பையாதான்... பாக்கலை சார், கண்ணைத் தொறக்க முடியலை... காலையிலேயே சொன்னேனே சார், காய்ச்சல்... ஆமா, வீட்டுலதான் படுத்துக் கெடக்கேன்... என்ன சத்தமா?"

யாரய்யா அது, கண்டக்டர், கொஞ்சம் விசிலை நிறுத்தும்.

"அது டிவி சார்... பக்கத்து வீட்டு டிவி... என்னது? ஆளா? மாத்து ஆள் நான் எப்படி சார் குடுக்க? காய்ச்சல்ல கெடக்குறவன் தெருத் தெருவா ஆள் தேடிக்கிட்டா இருப்பான்? உங்களுக்கு மனசாட்சி வேண்டாமா?... நாளைக்கா? நாளைக்குத் தெரியாது சார். காய்ச்சலைப் பொறுத்து. வைக்கேன்."

பார்த்தீர்களா தம்பி? காய்ச்சல் என்று சொல்கிறேன், ஆள் எங்கே என்று கேட்கிறான். இவனெல்லாம் சூப்பர்வைசர். மனுஷன் உடம்பு என்றால் என்னவென்று தெரியாத ஜென்மங்கள்.

என்ன சிரிக்கிறீர்கள்? நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. காலையிலிருந்தே உடம்பு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நம்பிக்கை இல்லை என்றால் என் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். தொடுங்கள், பரவாயில்லை.

சூடு இல்லையா? புறங்கையால் தொட்டால் தெரியாது. உள்ளங்கையை வையுங்கள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள் தம்பி.